மொட்டைமாடியிலிருந்து வெளிக்கோள்கள்: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

வானம் பார்க்கும் ஆசையோடு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் "எந்த டெலஸ்கோப் வாங்கலாம் சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள் என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். முதன்முதலாக நான் வாங்கியது, அட்டைப்பெட்டியில் "525 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று போட்டு, சனியின் வண்ணப்படம் ஒட்டிய ஒரு சின்னக் கருவி. அதன் முக்காலி மூச்சு விட்டாலே ஆடும். இரண்டு வாரம் மாடியில் நின்றும் சனி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தது எதிர்த்தெரு செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கை. அதை மட்டும் நன்றாகவே காட்டியது.

வெளிக்கோள்கள் என்று இங்கே சொல்வது நான்கை: வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். செவ்வாயும் பூமிக்கு வெளியேதான் சுற்றுகிறது, ஆனால் அது பாறைக்கோள், அதன் கணக்கே வேறு. புளூட்டோவை 2006-இல் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் இருந்திருந்தாலும் நம் மாடிக்கு அது எட்டாது.

இந்த நான்கிலும் பார்ப்பதற்கு நடை, முகம் என்று இரண்டு உண்டு. முகம் பார்க்கக் கண்ணாடி வேண்டும், காசு வேண்டும். நடை பார்க்க வெறுங்கண் போதும். நடை பிடிபட்டால்தான் எந்த மாதம், எந்த மணிக்கு, எந்தத் திசையில் முகம் நன்றாகத் தெரியும் என்பது பிடிபடும். ஆகவே நடையில் தொடங்குவோம்.

படி 1: சாலையைக் கண்டுபிடியுங்கள்

கோள்கள் வானத்தில் கண்ட இடத்தில் திரிவதில்லை. சூரியனும் நிலாவும் போகிற அதே சாலையை ஒட்டித்தான் போகும். அந்தச் சாலையில் நான்கு பிரகாசமான மைல்கற்கள் இருக்கின்றன, நான்குமே நம் நட்சத்திரப் பெயர்கள்தான்: செம்மஞ்சளாக ரோகிணி, வெண்மையாக மகம், நீலம் கலந்த வெண்மையில் சித்திரை, சிவப்பாகக் கேட்டை. பஞ்சாங்கத்தில் அன்று எந்த நட்சத்திரம் என்று போட்டிருக்கிறதோ, அதன் அருகில்தான் அன்றைக்கு நிலா. ரோகிணி நாளன்று நிலாவுக்குப் பக்கத்தில் சிவந்து தெரிவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் நிலாவைத் தொடர்ந்தால் சாலை முழுவதும் மனதில் பதிந்துவிடும்.

அளவுகோலுக்குக் கையே போதும். கையை முழுக்க நீட்டினால், மடக்கிய முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை (டிகிரி). நடு மூன்று விரல்கள் 5 பாகை. சுண்டுவிரல் 1 பாகை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்தச் சாலை நம் தலைக்கு மேலேயே போகிறது. லண்டன்காரர் பல வருடங்களில் அடிவானத்துப் புகைமூட்டத்துக்குள் துழாவித் தேடும் கோளை, நாம் தெளிவான உச்சி வானத்தில் பார்க்கலாம். 2027 பிப்ரவரியில் வியாழன் சென்னைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில், இரண்டு பாகை வித்தியாசத்தில் கடக்கும். கழுத்து வலிக்கும். பாய் விரித்துப் படுத்துவிடுங்கள்.

படி 2: கோள்தானா என்று உறுதி செய்யுங்கள்

விண்மீன் மினுக்கும், கோள் மினுக்காது என்று பள்ளியில் படித்திருப்போம். உயரே இருக்கும்போது அது சரி. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது வியாழன்கூட மினுக்கும், ஏமாறாதீர்கள்.

நள்ளிரவுச் சோதனை இதைவிட நம்பகமானது. வெள்ளியும் புதனும் பூமிக்கு உள்ளே சுற்றுபவை, சூரியனை விட்டு அதிக தூரம் விலக முடியாதவை. அந்தி, விடியல் தவிர அவற்றுக்கு நம் வானத்தில் இடமில்லை. நள்ளிரவில் உச்சியை நோக்கி ஒரு பெரிய வெள்ளை ஒளி நின்றால் அது வெள்ளியாக இருக்கவே முடியாது. அநேகமாக வியாழன்தான். சனி அத்தனை பிரகாசமில்லை. பழைய குண்டு பல்பின் மங்கிய மஞ்சளில், அசையாமல் நிற்கும்.

பஞ்சாங்கத்தை ஜோதிடத்துக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். கோள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மலிவான அட்டவணை அது. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 வருடம் ஆகிறது, அதனால் ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருடம், அதனால் வருடம் ஒரு குருப்பெயர்ச்சி. சனிக்கு 29.46 வருடம், ராசிக்கு இரண்டரை வருடம், அதே இடைவெளியில் சனிப்பெயர்ச்சி. வீட்டில் பாட்டி விரல் விட்டு எண்ணும் கணக்கு அப்படியே சுற்றுப்பாதைக் கணக்குதான்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களின்படி போவதால் விலகியிருக்கும். மீனத்துக்குச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். கோயிலில் எந்தத் தேதி என்பது அவரவர் மரபு. மாடியில் நிற்பவருக்குத் திருக்கணிதம். இரண்டாவது, பஞ்சாங்க ராசிகள் எல்லாம் சமமாக 30 பாகை. வானத்து விண்மீன் கூட்டங்கள் அப்படி அளந்து வைத்தவை இல்லை. திருக்கணிதம் கடகம் என்று சொல்லும் நாளில் கோள், வரைபடத்தில் சிங்கத்தின் ஓரத்தில் நிற்கலாம். குழம்ப வேண்டாம்.

செல்போனில் பார்ப்பவர்களுக்கு ஸ்டெல்லேரியம் இருக்கிறது. நல்ல வான்வரைபட மென்பொருள். ஆனால் முதல் மாதம் அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

படி 3: நல்ல நாள் பாருங்கள்

சூரியன், பூமி, வெளிக்கோள் மூன்றும் வரிசையாக வந்து பூமி நடுவில் நிற்பதை எதிர்நிலை என்பார்கள். அன்று சூரியன் மேற்கே மறையும்போது கோள் கிழக்கே உதிக்கும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடியும்போது மறையும். இரவு முழுக்க நம் வானத்தில். அந்த வருடத்தில் பூமிக்கு மிக அருகில் இருப்பதும், மிகப் பிரகாசமாகவும் பெரிதாகவும் தெரிவதும் அப்போதுதான்.

அடுத்த எதிர்நிலை எப்போது என்று நீங்களே கணக்குப் போடலாம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கோளும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதைத் துரத்திப் பிடிக்கக் கூடுதல் நாள் வேண்டும். வியாழனைப் பிடிக்க மொத்தம் 399 நாள், அதாவது பதின்மூன்று மாதம். சனிக்கு 378 நாள். யுரேனஸுக்கு ஏறக்குறைய 370, நெப்டியூனுக்கு 367 அல்லது 368. தூரம் போகப் போகக் கோள் சோம்பேறி ஆகிவிடுவதால் துரத்தல் சுலபம். வியாழன் 2026 ஜனவரி 10-இல் எதிர்நிலைக்கு வந்தது. 399-ஐக் கூட்டினால் 2027 பிப்ரவரி நடுவில் வரும். உண்மையில் பிப்ரவரி 10. பாதை கச்சிதமான வட்டம் இல்லாததால் சில நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

சனிக்கு 2026 அக்டோபர் 4, பிறகு ஒவ்வொரு வருடமும் சுமார் இரண்டு வாரம் தள்ளிப் போகும். இதில்தான் நமக்கு வயிற்றெரிச்சல். அடுத்த சில வருடங்களுக்கு அது நேராக வடகிழக்குப் பருவமழைக்குள் போய் விழுகிறது. கவலை வேண்டாம், எதிர்நிலை நாளன்றே பார்த்தாக வேண்டும் என்று சட்டமில்லை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சனி அந்தி வானத்தில் வசதியான உயரத்தில் இருக்கும். நடு ராத்திரி வரை முழித்திருக்கவும் தேவையில்லை.

படி 4: நோட்டில் நடையைப் பிடியுங்கள்

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், கோளையும் சுற்றியுள்ள நான்கைந்து விண்மீன்களையும் புள்ளி வைத்து வரையுங்கள். தேதி, மணி, இடம் எழுதுங்கள். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. இடைவெளிகள் சரியாக இருந்தால் போதும்.

தொடங்க அருமையான ஒரு வாய்ப்பு வருகிறது. 2026 நவம்பர் கடைசி வாரங்களில் வியாழன் மகத்தை நோக்கிக் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கும். டிசம்பர் நடுவில், மகத்தைத் தொட மூன்று சுண்டுவிரல் அகலம் மிச்சம் இருக்கும்போது, நின்றுவிடும். சில வாரம் அசைவே தெரியாது. பிறகு வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பிப் போகும். 2027 ஏப்ரல் நடு வரை பின்னோக்கியே நகர்ந்து, முஷ்டி அகலத்துக்குப் பின்வாங்கி, மறுபடி நின்று, மறுபடி கிழக்கே திரும்பும். விட்ட மகத்தை ஜூலை கடைசியில்தான் தாண்டும். பஞ்சாங்கம் இதை வக்கிரம், வக்கிர நிவர்த்தி என்கிறது.

கோள் உண்மையில் திரும்பவில்லை. ஊர்த் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வெளிவீதியில் மெல்லச் சுற்றி நடக்கிறார். பேரன் உள்படிக்கட்டில் அதே திசையில் ஓடுகிறான். தாத்தாவுக்குப் பின்னால் வெகுதூரத்தில் மலை. பேரன் தாத்தாவை நெருங்கித் தாண்டும் அந்தச் சில நொடிகளில், மலையோடு ஒப்பிட்டால் தாத்தா பின்னோக்கி வழுக்குவது போலத் தோன்றும். தாத்தா நடையை நிறுத்தவே இல்லை. நாம்தான் பேரன்: பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, வியாழன் 13, சனி பத்துக்கும் குறைவு, நெப்டியூன் ஐந்தரைதான். மலை இருக்கும் இடத்தில் விண்மீன்கள். தாண்டும் கணம்தான் எதிர்நிலை, அதனால்தான் அது எப்போதும் வக்கிர காலத்தின் நடுவில் வருகிறது. படி 3-ம் படி 4-ம் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்பது நோட்டில் வரைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

தொலைவு கூடக் கூட வக்கிர நடையின் தூரம் சுருங்கும், ஆனால் காலம் நீளும். வியாழன் நான்கு மாதத்தில் 10 பாகை பின்வாங்கும். சனி நாலரை மாதத்தில் 7. யுரேனஸ் ஐந்து மாதத்தில் 4. நெப்டியூன் ஐந்து மாதத்துக்கும் மேலாக எடுத்துக்கொண்டு 3 பாகைகூட நகராது. வேடிக்கை என்னவென்றால் நெப்டியூன் ஒரு வருடம் முழுக்க முன்னும் பின்னும் அலைந்து நிகரமாக முன்னேறுவது இரண்டு பாகைக்குச் சற்று மேல்தான். நிகரமாக முன்னேறியதைவிடப் பின்னே வந்ததே அதிகம்.

நீண்ட கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வியாழன் ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று, இரண்டுமே அறுபது வருடத்தை ஒட்டி வரும். பிரபவ முதல் அட்சய வரையிலான நம் அறுபது வருடச் சுழற்சியோடு இந்தக் கணக்கு ஒட்டிப்போகிறது. நடுவில் இருபது வருடத்துக்கு ஒருமுறை வியாழன் சனியைத் தாண்டும். 2020 டிசம்பர் 21 அந்தியில் இரண்டும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றன. அடுத்தது 2040-இல். நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 5: பைனாகுலரில் வியாழனின் நிலாக்கள்

இப்போது கொஞ்சம் காசு செலவழிக்கலாம். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்). கையில் பிடித்தால் படம் நடுங்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றுங்கள், அல்லது கவிழ்த்த வாளி மேல் தலையணை வைத்து அதன்மேல் ஊன்றுங்கள். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் இரண்டு, மூன்று, சில நாள் நான்கு ஒளிப்பொட்டுகள். கலிலியோ 1610 ஜனவரி 7-இல் பார்க்கத் தொடங்கியது இவற்றைத்தான். அவர் கருவியைவிட உங்கள் பைனாகுலர் காட்சி தெளிவானது.

உள்ளிருந்து வெளியே: அயோ, யுரோப்பா, கனிமீட், காலிஸ்டோ. சுற்றும் காலம் 1.77 நாள், 3.55, 7.15, 16.69. முதல் மூன்றையும் கவனியுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரட்டிப்பு. கனிமீட் ஒரு சுற்றுப் போவதற்குள் யுரோப்பா இரண்டு, அயோ நான்கு. ஒன்றையொன்று ஈர்த்து இழுத்து இந்தத் தாளத்தில் பூட்டிக்கொண்டிருக்கின்றன. இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு நிலாக்களை வரையுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரை மணி வாக்கில் மறுபடி வரையுங்கள். மூன்று நிலாக்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். காலிஸ்டோ மட்டும் எங்கோ போயிருக்கும். அப்படித்தான் அது எது என்பதும் தெரிந்துபோகும்.

அயோ வேகக்காரன். வியாழனை ஒட்டி இருக்கும்போது ஒரே மணி நேரத்தில் அதன் அசைவு தெரியும். 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர், அயோ வியாழனின் நிழலுக்குள் நுழையும் நேரம் பூமியின் தொலைவைப் பொறுத்து முந்துவதையும் பிந்துவதையும் வைத்து, ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று காட்டினார். எதிர்நிலை நாளில்கூட வியாழனின் ஒளி நம்மை வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகிறது.

கனிமீட் புதனைவிடப் பெரியது. 1972 ஜூனில் அது ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் கவனித்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயத்தைப் பார்த்தார்கள். காவலூர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

படி 6: டெலஸ்கோப் வாங்கும்போது, வாங்கிய பிறகு

பெட்டியில் போட்டிருக்கும் "மடங்கு" எண்ணைப் பார்க்காதீர்கள். ஒளியைச் சேகரிக்கும் பெரிய கண்ணாடியின் விட்டத்தைப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது மேல்வரம்பு. என்னுடைய 60 மில்லிமீட்டர்க் கருவிக்கு 120 மடங்குக்கு மேல் எல்லாமே கலங்கல்தான். முடிந்தால் 6 அங்குல டாப்சோனியன், அதாவது தரையில் வைத்துக் கையால் திருப்பும் எளிய ஆடி டெலஸ்கோப். அதன் குவியத் தூரம் வழக்கமாக 1200 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) மேல் போட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் மடங்கு கிடைக்கும்: 25-ஆல் வகுத்தால் 48, 10-ஆல் வகுத்தால் 120. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்கள் வானம் பார்க்கும் நிகழ்ச்சி நடத்தும்போது ஒருமுறை கண் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் தளம் இரவு பத்து மணி வரை அனல் கக்கும். அந்த அனலில் வியாழன் கொதிக்கும் ரசம் போலத் தளதளக்கும். மாலையில் ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிடுங்கள். கருவியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலே பார்க்காதீர்கள். உச்சிக்கு நேரே இருக்கும் கோளை டாப்சோனியனில் பிடிப்பது படாத பாடு. ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள்.

40 மடங்கில் வியாழன், வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்குத் தெரியும். அந்த அளவிலேயே முதலில் கவனிக்க வேண்டியது அதன் வடிவம். முழு வட்டம் இல்லை, மேலும் கீழும் அமுங்கியிருக்கும். நடுக்கோட்டு விட்டம் 1,42,984 கிலோமீட்டர், பூமியைப் போலப் பதினொரு மடங்கு. அவ்வளவு பெரிய உருண்டை பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது. உள்ளே பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும், கால் வைக்கத் தரை கிடையாது. அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்காமல் என்ன செய்யும்?

100 மடங்குக்கு மேலே போனால் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பழுப்பு நிறத்தில் இரண்டு பட்டைகள். பொறுமையாகக் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தால், காற்று ஒரு நொடி அடங்கும்போது இன்னும் சில கோடுகள் பளிச்சென்று தெரிந்து மறையும். பெரிய செம்புள்ளி தெற்குப் பட்டையில் ஒரு குழிவாகத் தெரியும். பூமியைவிடப் பெரிய சுழற்காற்று அது, ஆனால் வருடங்களாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போது செந்நிறம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். இன்று 8 மணிக்கு அது நடுவில் இருந்தால், வியாழன் ஐந்து முறை சுழன்று நாளை மறுநாள் ஒன்பதே முக்கால் வாக்கில் மறுபடி நடுவில் இருக்கும். இந்த ஒரு கணக்கு போதும், செயலி தேவையில்லை.

படி 7: சனி

இங்கே அதிகம் சொல்லித்தர ஒன்றுமில்லை. 30 மடங்கு போதும், வளையம் தெரியும். முதல்முறை பார்ப்பவர் எவரும் கருவியின் முன்பக்கத்தில் படம் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எங்கள் தெருவில் இதுவரை மூன்று பேர் பார்த்தாயிற்று.

வளையம் எப்போதும் ஒரே மாதிரி இராது. சனியின் அச்சு சுமார் 27 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும்போது அந்தச் சாய்வு திசை மாறுவதில்லை, அதனால் வளையத்தை ஒரு காலத்தில் மேலிருந்தும் ஒரு காலத்தில் கீழிருந்தும் பார்க்கிறோம். நடுவில் விளிம்போடு பார்க்கும் நாள் வரும். 2025 மார்ச் 23 அப்படிப்பட்ட நாள், ஆனால் சனி சூரியனை ஒட்டி இருந்ததால் பார்க்க வழியில்லை. அந்த வருட நவம்பரில் மறுபடி ஊசி போல மெலிந்தது. 2026-இலும் ஒடுக்கமாகத்தான் இருக்கும், பிறகு வருடத்துக்கு வருடம் விரிந்து 2032 வாக்கில் முழுசாகத் திறக்கும். வாங்கிய வருடமே அகலமான வளையத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். கலிலியோவே 1612-இல் வளையம் காணாமல் போனதைப் பார்த்துத் திகைத்தார். அது வளையம் என்று 1659-இல் விளக்கியவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ்.

வளையம் அப்படி மறைந்துபோகும் அளவுக்கு மெலிது. இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் அகலம், ஆனால் தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்திருபது மீட்டர். நம் நோட்டுத் தாளின் தடிமனில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தாள் விரித்தால் ஏறக்குறைய அந்த விகிதம். தாளும் முழுத் தாள் இல்லை, எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகள். உள்பக்கத்து மங்கல் வளையத்தின் ஊடாகச் சனியின் உடல் தெரிவதை 1852-இல் கவனித்த இருவரில் ஒருவர், அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் ஜேக்கப். சென்னை வானத்திலிருந்து!

சனியை ஒட்டி மங்கலாக ஒரு விண்மீன் தெரிந்தால் அது சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டானாக இருக்கலாம். பதினாறு நாளில் ஒரு சுற்று. எட்டு நாள் கழித்துப் பாருங்கள், எதிர்ப்பக்கம் போயிருந்தால் அதுவேதான்.

படி 8: யுரேனஸ்

இருட்டு நல்லதாக இருந்தால், ஏலகிரி, ஜவ்வாது மலை மாதிரி இடங்களில், கூர்மையான கண்ணுக்கு இது வெறுங்கண்ணிலேயே மிக மங்கலாகத் தெரியும். மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடம் பார்த்தும் கோள் என்று தெரியாமலே விட்டது இதனால்தான்: நடை அத்தனை மெது, ஒரு சுற்றுக்கு 84 வருடம். 1690-இல் ஆங்கிலேய வானியலாளர் பிளாம்ஸ்டீட் இதை ரிஷபத்து விண்மீன் என்றே பட்டியலில் எழுதிவைத்தார். 1781 மார்ச் 13-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது வால்மீன் என்று நினைத்தார்.

கண்டுபிடிக்கும் வழி: 2026 நவம்பர் 25 எதிர்நிலை. அன்று அது கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடையில் இருக்கும். இரண்டுமே நமக்குப் பழக்கம். இடைப்பட்ட பகுதியைப் பைனாகுலரில் பார்த்து, தெரியும் புள்ளிகள் அத்தனையையும் வரையுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒன்று மிஞ்சும். இரண்டு வாரம் கழித்து அது மட்டும் நகர்ந்திருக்கும். டெலஸ்கோப்பில் 150 மடங்கில் வெளிறிய பச்சைநீலத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். மேகத்துக்கு மேலுள்ள மீத்தேன் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த நிறம்.

அந்தச் சின்ன வட்டம் படுத்துக்கொண்டு சுழல்கிறது. அச்சின் சாய்வு 98 பாகை. பருவம் ஒவ்வொன்றும் 21 வருடம். 1986-இல் வாயேஜர் 2 விண்கலம் கடந்தபோது தென்துருவம் சூரியனைப் பார்த்திருந்தது, 2030 வாக்கில் வடதுருவத்தின் முறை.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. காவலூரின் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருக்கிறார்கள். கோள் விண்மீனைத் தொடுவதற்கு வெகு முன்பே விண்மீனின் ஒளி திடீரென்று தாழ்ந்து மீள்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்பது அவர்களுடைய முதல் எண்ணம். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கும் அதே தாழ்வுகள் கிடைத்திருந்தன, அதுவும் கோளுக்கு இருபுறமும் ஒத்த இடங்களில். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. வாணியம்பாடி வழியாகப் போகும்போது மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

படி 9: நெப்டியூன்

கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலரில் தெரியும், ஆனால் மற்ற மங்கல் விண்மீன்களிலிருந்து எந்த வித்தியாசமும் இல்லாமல் தெரியும். 2026 செப்டம்பர் கடைசி வாரத்தில் எதிர்நிலை, மீனத்தில், சனியிலிருந்து ஒரு முஷ்டிக்குள் மேற்கே. இதற்கு மட்டும் விரிவான விண்மீன் படம் தவிர்க்க முடியாது, ஸ்டெல்லேரியத்தை இப்போது திறக்கலாம்.

இந்தக் கோளையே காகிதத்தில்தான் முதலில் கண்டார்கள். யுரேனஸ் கணக்கிட்ட இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. வெளியே இன்னொன்று இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டு இடம் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் அந்த இடத்தில் தேடினார், ஒரு பாகைக்குள் கிடைத்தது. அதன் ஒரு சுற்று 165 வருடம் என்பதால், கண்டுபிடித்த இடத்துக்கு அது திரும்ப வந்ததே 2011-இல்தான்.

வாயேஜர் 2 1989-இல் அனுப்பிய படங்களின் ஆழ்ந்த நீலம் பலர் மனதில் இருக்கும். அந்த நீலம் விவரம் தெரிவதற்காகக் கூட்டிக் காட்டியது. 2024-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆய்வின்படி உண்மையில் யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே வெளிறிய பச்சைநீலம், நெப்டியூன் ஒரு சாயல் மட்டும் கூடுதல் நீலம். மேலே காற்று மணிக்கு 2,000 கிலோமீட்டர் வரை வீசுகிறது, சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில், அவ்வளவு குளிரில். அதெல்லாம் நம் ஐபீஸில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிதானா என்று எப்படி உறுதி செய்வது? படி 4-இன் நோட்டுதான். பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்து வரையுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் மறுபடி வரையுங்கள். 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் கலிலியோ வியாழனின் நிலாக்களை வரைந்தபோது பக்கத்தில் ஒரு விண்மீனையும் குறித்துவைத்தார். ஜனவரி 28-இல், அதற்கும் இன்னொரு விண்மீனுக்கும் இடையிலான தூரம் முந்தைய இரவிலிருந்து மாறியிருப்பதாகக்கூட எழுதினார். அது நெப்டியூன். அவர் மேற்கொண்டு தொடரவில்லை. நீங்கள் கீழ்ப்பாதியை வரைய மறந்துவிடாதீர்கள்.